விளையாட்டும் சூதும்

சைவ உலகில் விளையாட்டு என்பது தாழ்ந்த சொல் அன்று. மதுரையில் சோமசுந்தரக் கடவுள் நிகழ்த்திய 64 அருட்செயல்களையும் நம் முன்னோர் திருவிளையாடல் என்றே பெயரிட்டுப் போற்றினர். படைத்தலும் காத்தலும் அழித்தலும் இறைவனுக்கு விளையாட்டே என்பர் பெரியோர். கயிலையில் அம்மையும் அப்பனும் சொக்கட்டான் ஆடிய கதையைக் கந்தபுராண படனம் கேட்டவர்கள் அறிவர். அப்படியிருக்க, நான்கு நண்பர்கள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருந்து சீட்டாடினால் அது மட்டும் பாவமாகுமா? சிறு தொகை வைத்து ஆடினால் அது சூதாகிவிடுமா? நமது இளைஞர் பலர் இன்று கேட்கும் கேள்வி இது.

இது சூது, இது பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பெரியவர்களுக்கு எளிது. ஆனால் அதனால் கேட்டவர் மனம் தெளிவதில்லை. அவர் ஆடுவதை நிறுத்துவதுமில்லை; ஆடுவதைப் பெரியவர்களிடம் சொல்வதைத்தான் நிறுத்திவிடுகிறார். ஆகவே விளையாட்டு எங்கே முடிகிறது, சூது எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று ஆறுதலாக இருந்து சிந்திப்பது நன்று.

வீட்டு விறாந்தையில் நடக்கும் ஆட்டம்

நம்மவரிடையே காட்ஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது முந்நூற்று நாலு என்னும் ஆட்டமே. நால்வர் ஆடுவதாயின் ஏழு முதல் ஆஸ் வரையான 32 சீட்டுகள் போதும். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று ஒரு வகைக்கு 76 புள்ளிகள். நான்கு வகைக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. நாலு சீட்டு கைக்கு வந்ததும் கேள்வி கேட்க வேண்டும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். கூட்டாளியின் கையில் என்ன இருக்கும் என்று ஊகித்து, விழுந்த சீட்டுகளை மனத்தில் நிறுத்தி ஆட வேண்டும். பணமே வைக்காமல் இரவிரவாக இதனை ஆடுவோர் உண்டு. மரண வீட்டில் இரவு விழித்திருப்போர் சீட்டாடுவதும் இலங்கையின் பல பகுதிகளில் காணப்படும் வழக்கமே. துக்க வீட்டாரைத் தனியே விடாதிருக்க ஊரவர்கள் கண்டுபிடித்த வழிகளில் அதுவும் ஒன்று எனலாம்.

அண்மைக் காலத்தில் இதனோடு வேறோர் ஆட்டமும் வந்து சேர்ந்துள்ளது. அது போக்கர். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் வார இறுதியில் ஒரு வீட்டில் கூடி ஆடுகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது சீட்டுக்கட்டோடும் வண்ண வில்லைகளோடும் வருகிறார்கள். பரவலாக ஆடப்படும் முறையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் பொதுவாகத் திறக்கப்படும். தன் கையில் உள்ளது பெரிது என்று நம்பியோ, பெரிது என்று பிறரை நம்பச் செய்தோ பந்தயத்தை உயர்த்திக்கொண்டு போவார்கள்.

வீட்டில் நடத்தும் சுற்றுப்போட்டி முறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வந்தவர் எல்லோரும் ஆரம்பத்தில் ஒரே தொகையைக் கட்டி, ஒரே எண்ணிக்கையான வில்லைகளைப் பெறுகிறார்கள். வில்லை முடிந்தவர் எழுந்துவிட வேண்டும். கட்டாயப் பந்தயம் நேரத்துக்கு நேரம் உயர்வதால் ஆட்டமும் ஓர் எல்லைக்குள் முடிந்துவிடும். இன்னொரு முறையும் உண்டு. அதில் வில்லை முடிந்தால் மீண்டும் பணம் கொடுத்து வில்லை வாங்கலாம், விரும்பும்வரை ஆடலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மேசை, ஒரே சீட்டு, ஒரே சிரிப்பு. ஆனால் அறத்தின் கண்ணுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டுவது பொய்யல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. முந்நூற்று நாலில் துரும்பைக் கவிழ்த்து வைப்பதும் மறைப்புத்தான். எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிக்குள் நடக்கும் மறைப்பு வஞ்சகம் ஆகாது. விதிக்கு வெளியே நடப்பதே வஞ்சகம். கயிலைச் சொக்கட்டான் கதையும் இதையே சொல்கிறது. அந்த ஆட்டத்தில் சாட்சியாக இருந்த திருமால் வென்றவர் யார் என்பதை மாற்றிச் சொன்னமையால் அம்மையின் சாபத்துக்கு ஆளாகிப் பாம்பானார் என்பது வரலாறு. அங்கே சாபம் ஆடியதற்காக வரவில்லை, பொய்ச்சாட்சிக்காக வந்தது.

சட்டம் போட்ட கோடுகள்

விளையாட்டுக்கும் சூதுக்கும் நடுவே சட்டமும் கோடு போட முயன்றிருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் 1889 ஆம் ஆண்டு இலங்கையில் கொண்டுவரப்பட்ட சூதாட்டக் கட்டளைச் சட்டம், ஆட்டம் நடக்கும் இடத்தைப் பார்த்துக் கோடு போட்டது. தெருவிலும் பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலும் மது விற்கும் இடத்திலும் சூதாட்ட விடுதியிலும் பணயம் வைத்து ஆடுவது குற்றம் என்றது. கோழிச்சண்டையையும் அதே பட்டியலில் சேர்த்தது. 2025 ஆம் ஆண்டில் சூதாட்டத் தொழிலை ஒழுங்குபடுத்தத் தனி அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமும் நமது பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்திய நீதிமன்றங்கள் வேறு விதமாகக் கோடு போட்டன. ஆட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா என்று பார்த்தன. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தால் பணம் இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தபின், அங்கு தடைச்சட்டம் கொண்டுவரப்பட்டது. 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் 2025 இல் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வல்ல அறிஞர்களுக்கே கோட்டை ஓரிடத்தில் நிறுத்துவது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

திறமை என்ற அளவுகோல் அறத்துக்குப் போதாது என்பதற்கு மகாபாரதமே சான்று. அஸ்தினாபுரத்துச் சபையில் மிகத் திறமையாக ஆடியவன் சகுனி. தருமர் ஆட்டத்தில் விருப்பமுள்ளவர். ஆனால் வல்லவர் அல்லர். திறமையுள்ளவன் திறமையில்லாதவனை அழைத்து வந்து ஆடுவதில் திறமை கூடக் கூடப் பாவமும் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நட்பு என்ற பெயரில் வந்த அழைப்பு

கல்முனைக்கு அருகே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் 18 நாட்கள் மகாபாரதத்தை ஒட்டியே திருவிழா நடைபெறுகிறது. பாண்டவர் வேடம் பூண்டோர் வனவாசம் செல்லும் காட்சியையும், அருச்சுனன் தவநிலையையும், இறுதியில் தீமிதிப்பையும் காண நமது ஊரிலிருந்தும் அடியார்கள் போய்வருகிறார்கள். வனவாசம் செல்லும் பாண்டவரைக் கண்டு தாய்மார் கண்கலங்குவர். அந்த வனவாசத்துக்குக் காரணமான சூது எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அது பகைவர் மூட்டிய சண்டையாகத் தொடங்கவில்லை. பெரியப்பா வீட்டு விருந்தாகத் தொடங்கியது. புதிதாக மண்டபம் கட்டியிருக்கிறோம், தம்பிமாரோடு வந்து பாருங்கள், உறவினர் கூடி நட்பாகச் சூதாடி மகிழ்வோம் என்றுதான் திருதராட்டிரன் சொல்லி அனுப்பினான். அந்தச் செய்தியைக் கொண்டுபோன விதுரருக்கே அதில் உடன்பாடு இல்லை. சூதிலே கலகம் விளையும் என்று தருமரும் அறிந்திருந்தார். ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது, அழைத்தால் மறுக்கக்கூடாது என்று எண்ணிப் புறப்பட்டார். இன்றைய சொல்லில் சொன்னால் அது நண்பர்களும் உறவினரும் ஒரு வீட்டில் கூடி நடத்திய ஆட்டமே.

ஆட்டம் தொடங்குமுன்னரே ஒரு முறைகேடு நடந்தது. பணயம் என்னுடையது, காய் உருட்டுபவர் மாமன் சகுனி என்றான் துரியோதனன். ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையன்று என்று தருமர் சொன்னார். சொன்னவர் அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. முத்தும் பொன்னும் போயின. தேரும் யானையும் குதிரையும் போயின. நாடு போயிற்று. நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன் என்று தம்பிமார் போயினர். தானும் போய், இறுதியில் திரௌபதையும் போனாள். ஒவ்வொரு பணயத்துக்குப் பின்னும் எழுந்து போக ஒரு நொடி இருந்தது. அந்த நொடிகளில் ஒன்றிலாவது எழுந்திருந்தால் பாரதப் போரே இல்லை.

அந்தச் சபையில் இன்னொருவரையும் கவனிக்க வேண்டும். அவர் வீட்டுக்காரர். திருதராட்டிரன் கண்ணில்லாதவன். ஒவ்வொரு முறை காய் உருண்டபோதும், வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தான் என்கிறது பாரதம். போதும் என்று ஒரு சொல் சொல்ல அவனுக்கு மட்டுமே முழு அதிகாரம் இருந்தது. அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை.

மறுபடியும் என்ற சொல்

பாரதத்தில் சூது ஒருமுறை அல்ல, இருமுறை நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சபையிலே திரௌபதையின் துயரைக் கண்டு அஞ்சிய திருதராட்டிரன் அவளுக்கு வரம் கொடுத்தான். அவள் கணவன்மாரின் விடுதலையைக் கேட்டுப் பெற்றாள். இழந்த பொருளும் நாடும் திரும்பக் கிடைத்தன. எல்லாம் முடிந்து பாண்டவர் இந்திரப்பிரத்தம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது வழியிலே மறுபடியும் ஓர் அழைப்பு வந்தது. இன்னும் ஒரே ஓர் ஆட்டம். தோற்றவர் 12 ஆண்டுகள் வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் போக வேண்டும். தருமர் திரும்பி வந்தார்.

முதல் ஆட்டத்தில் தருமர் ஏமாந்தார் எனலாம். இரண்டாவது ஆட்டத்தில் அவர் எல்லாம் அறிந்தவர். சகுனியின் கையை அறிந்தவர். தோல்வியின் கசப்பை அறிந்தவர். அறிந்தும் திரும்பி வந்தார். தருமத்தின் வடிவமான ஒருவரையே திரும்பி வரச்செய்யும் வலிமை அந்த மறுபடியும் என்ற சொல்லுக்கு உண்டு என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுக்கும் சூதுக்கும் இடையே உள்ள உண்மையான கோடு இதுதான். பணம் இருக்கிறதா இல்லையா என்பதும், திறமையா அதிர்ஷ்டமா என்பதும், வீடா விடுதியா என்பதும் துணைக் கேள்விகளே. முதற்கேள்வி, எழுந்து போக முடிகிறதா என்பது. தோற்றவர் வெட்கமின்றிப் பாயைவிட்டு எழவும், வென்றவர் முகம் கோணாமல் அவரை வழியனுப்பவும் முடியுமானால் அது விளையாட்டு. தோற்றதை எடுத்துவிட்டுத்தான் எழுவேன் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் புகுந்த கணத்திலிருந்து அது சூது. சீட்டு மாறவில்லை, மேசை மாறவில்லை. இருப்பவர் மனம் மாறிவிட்டது.

இனி இரண்டு போக்கர் முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே தொகையைக் கட்டி, முடிந்ததும் எழுந்துவிடும் முறையில், எவ்வளவு இழக்கலாம் என்பது உட்காருமுன்னரே தெரியும். எழுந்திருப்பதை விதியே செய்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் வில்லை வாங்கும் முறையில் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. எழுவதா இருப்பதா என்பதை, தோற்றுச் சூடேறிய மனமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த நேரத்து மனம் நல்ல நீதிபதி அன்று.

சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். கடற்கரையில் வாழும் நமக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. இரை மீனுக்குக் கிடைப்பது உண்மைதான். அதன் வாயில் சுவை படுவதும் உண்மைதான். தோல்வியைவிட வெற்றிக்கே அஞ்ச வேண்டும் என்பது இதன் கருத்து. முதல் நாள் தோற்றவன் மறுநாள் வராமல் இருந்துவிடக்கூடும். முதல் நாள் வென்றவன் வராமல் இருப்பது அரிது.

2003 ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலக போக்கர் போட்டியில் 839 பேர் பங்குபற்றினர். இணையவழியில் சிறு தொகை கட்டித் தகுதிபெற்ற சாதாரண கணக்காளர் ஒருவர் அதில் வென்று 25 இலட்சம் டொலர் பெற்றார். அந்தச் செய்திக்குப் பின்னரே உலகெங்கும் வீடுகளில் போக்கர் வேகமாகப் பரவியது. வென்ற ஒருவரின் பெயர் உலகுக்குத் தெரியும். மற்ற 838 பேரின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? அந்த ஒருவரைக் கண்டு ஆடத் தொடங்கியவர்களின் கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அது எவர் பொருள்?

எழுந்து போக முடிகிறதா என்பது முதற்கேள்வி என்றால், வைத்த பணயம் எவர் பொருள் என்பது அடுத்த கேள்வி. சபைக்கு வரும்படி அழைத்தபோது திரௌபதை கேட்டனுப்பியதும் இதையே. தன்னைத் தோற்றபின் என்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றபின் தன்னைத் தோற்றாரா என்று அவள் கேட்டாள். தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அதன் பொருள். வீட்டுமர் முதலான பெரியோர் நிறைந்த அச்சபையில் அதற்கு நேர்விடை கிடைக்கவில்லை.

கிழக்கிலங்கையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. தாய்வழிக் குடிமுறை கொண்ட இம்மண்ணில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டிலேயே வாழ்கிறான். அவன் படுத்துறங்கும் கூரையே அவனுடையது அன்று. அப்படியிருக்க, அடகுக் கடைக்குப் போகும் காப்பும் சங்கிலியும் எவருடையவை? வயல் விளைந்து வந்த நெற்காசும், கடலுக்குப் போய் வந்த பங்குக்காசும் பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் வீட்டுக்கும் முன்கூட்டியே உரித்தானவை. அவற்றை எடுத்து வைப்பவன் தன் பொருளை இழக்கவில்லை. பிறர் பொருளை அவர்கள் அறியாமல் இழக்கிறான்.

நாம் வணங்கும் கண்ணகைத் தாயின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. கோவலன் சூதாடிப் பொருளைத் தொலைத்தவன் அல்லன். ஆயினும் முன்னோர் தேடிவைத்த செல்வத்தைத் தன் இன்பத்துக்கென்றே செலவழித்து வெறுங்கையோடு வீடு திரும்பினான். அப்போது எஞ்சியிருந்தது மனைவியின் காற்சிலம்பு ஒன்றே. அன்னை மறுசொல் இன்றி அதனைக் கொடுத்தாள். அவள் பொறுமையைப் போற்றும் நாம், எந்த வீட்டிலும் ஒரு பெண்ணை அந்த நிலைக்குக் கொண்டுவரலாகாது என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும். திருக்குளிர்த்தியன்று அன்னையின் கோபம் தணியக் குளிர்த்தி பாடிவிட்டு, வீட்டிலே மனைவியின் வயிறு எரியச் செய்வது வழிபாடு ஆகாது.

பணயம் என்பது காசு மட்டும் அன்று, நேரமும் பணயமே. இம்மண்ணில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 14 ஆண்டுகால ஆராய்ச்சியின் பயனாக யாழ் நூலைத் தந்தார். அது 1947 இல் அரங்கேறிய சில வாரங்களிலேயே அவர் இறையடி சேர்ந்தார். ஒரு மனிதருக்குக் கிடைக்கும் இரவுகள் எண்ணி வைக்கப்பட்டவை. மாதம் ஒருமுறை நண்பரோடு கழியும் இரவு மனத்துக்கு ஓய்வு. நாள்தோறும் விடியும்வரை கழியும் இரவுகள் பிள்ளைகளிடமிருந்து எடுத்த கடன்.

எல்லாச் சமயமும் எச்சரிக்கும் நோய்

நமது அயலிலே மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வாழும் இஸ்லாமிய சகோதரர்களின் திருக்குர்ஆன் மதுவையும் சூதையும் ஒருங்கே விலக்குகிறது. புத்தபிரான் சிகாலன் என்னும் இளைஞனுக்கு உபதேசித்தபோது, சூதால் வரும் ஆறு கேடுகளை எடுத்துரைத்தார். வென்றவன் பகையைத் தேடிக்கொள்கிறான் என்பது அவற்றுள் முதலாவது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் மனைவியையும் வீட்டையும் இழந்து வருந்தும் சூதாடி ஒருவனின் புலம்பலே ஒரு பாடலாக அமைந்துள்ளது. இத்தனை சமயங்களும் ஒரே குரலில் எச்சரிக்கும் ஒன்றை, சிறு விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட முடியாது.

திருக்குறளில் சூது 94 ஆவது அதிகாரம். அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே வருவது மருந்து. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவே வள்ளுவர் சூதை வைத்திருப்பது எண்ணத்தக்கது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும், கட்டுக்கடங்காத சூதாட்டத்தை அடிமைப்படுத்தும் பழக்கங்களால் வரும் நோய்களில் ஒன்றாகவே சேர்த்துள்ளது. ஆகவே அதில் விழுந்தவரைத் தெருவில் வைத்து ஏசுவதாலோ உறவிலிருந்து ஒதுக்குவதாலோ பயனில்லை. ஒதுக்கப்பட்டவர் தன்னை ஏற்றுக்கொள்ளும் ஒரே இடமான அந்த மேசைக்கே திரும்பிப் போவார். கடனை மறைக்காமல் சொல்ல ஒருவர் துணிந்தால், அவரைக் கேட்டறிந்து, காசு கையாளும் பொறுப்பைச் சில காலம் குடும்பத்தில் இன்னொருவரிடம் ஒப்படைத்து, வேண்டுமாயின் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உறவினர் கடமை.

இன்று இந்த ஆபத்து கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. விறாந்தையில் நால்வர் கூடினால், வீட்டுக்குப் போ மச்சான், விடியப் போகுது என்று சொல்ல ஒருவராவது இருப்பார். போர்வைக்குள் தனியே ஆடுபவருக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. வில்லை விற்கும் இயந்திரத்துக்கு முகமுமில்லை, இரக்கமுமில்லை.

கோயில் திருப்பணிக்கே அதிர்ஷ்டச் சீட்டு விற்பதில்லையா, அரசாங்கமே 1963 இல் தேசிய லொத்தர் சபையை அமைக்கவில்லையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. திருப்பணிக்கு ஒரு சீட்டு வாங்குபவர் பரிசு விழாவிட்டாலும் கோயிலுக்குக் கொடுத்தோம் என்ற நிறைவோடு போகிறார். அவர் எழுந்து போகக்கூடியவர். அன்றாடக் கூலியில் பாதியைச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு விழும் என்று காத்திருப்பவர் எழுந்து போக முடியாதவர். எந்தப் பெயரில் எவர் விற்றாலும் இந்த அளவுகோல் ஒன்றே. திருப்பணிச் சீட்டை ஏழை அடியாரின் கையில் வற்புறுத்தித் திணித்தால் கோயிலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதே.

கொம்புமுறி காட்டும் வழி

போட்டியே கூடாது என்பது நமது மரபு அன்று. மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களின் கண்ணகை அம்மன் கோயில்களைச் சார்ந்து ஊர் நலம் வேண்டி நடத்தப்பட்ட கொம்புமுறி விளையாட்டே இதற்குச் சான்று. செண்பகப்பூக் கொய்யப் போன கோவலனும் கண்ணகியும் பிடித்த கொக்கத்தடிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள, இருவரும் இழுத்ததில் அன்னை வென்றாள் என்பது அதன் கதை. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டு கட்சியாகப் பிரியும். கோவலன் பக்கம் வடசேரி. கண்ணகி பக்கம் தென்சேரி. இரண்டு வளைந்த கொம்புகளை மாட்டிக் கயிறு பூட்டி இருபுறமும் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரைப் பாட்டாலே கேலி செய்வர். தோற்றவர் அதைப் பொறுத்துக்கொள்வர்.

அந்த விளையாட்டில் ஆவேசம் இருந்தது, வெற்றி தோல்வி இருந்தது, கேலியும் இருந்தது. ஆனால் தோற்றவனின் வீட்டு உலை அன்று இரவும் கொதித்தது. மறுநாள் வடசேரியும் தென்சேரியும் ஒரே வயலில் இறங்கின. முறிந்தது கொம்பு, உறவு முறியவில்லை. நண்பர்கள் கூடி ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில் நண்பரைக் கூட்டிச் சீட்டாட விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வது நன்று. பணமின்றி ஆடுவதே சிறந்தது. சிறு தொகை வைப்பதாயின், இழந்தால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மறைக்க வேண்டிய தேவை ஏற்படாத தொகையாக அது இருக்கட்டும். அத்தொகையை உட்காருமுன்னரே எல்லோருக்கும் ஒன்றாக வகுத்துவிட வேண்டும். முடிந்தவருக்கு மறுபடியும் இடமில்லை. பாயில் இருப்போர் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கலாகாது. எழும் நேரத்தையும் முன்னரே சொல்லி வைக்க வேண்டும். மதுப்போத்தல் அந்தப் பக்கம் வரவே கூடாது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்து பார்க்கக்கூடிய ஆட்டமாக இருக்க வேண்டும். கதவைச் சாத்தி ஆடும் ஆட்டத்தில் ஏதோ பிழை இருக்கிறது. ஆட்டத்தை விட்டவரைக் கேலி செய்து மீண்டும் அழைப்பது கொடிய பாவம். எல்லாவற்றுக்கும் மேலாக, போதும் என்று சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் திருதராட்டிரனைப் போல் வென்றாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கலாகாது. யார் முகம் வாடுகிறது என்று பார்ப்பதே அவர் வேலை.

இவ்வளவு ஒழுங்கையும் பேணினால் விளையாட்டின் சுவை போய்விடும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் விரும்பியது விளையாட்டை அல்ல என்பதை அவரே அறிந்துகொள்ளலாம்.

அன்னை கண்ணகைத் தாயின் திருவருளால் நமது வீடுகளில் சிரிப்பொலி நிலைக்கவும், விளையாடப் போனவர் நேரத்தோடு வீடு திரும்பவும், அவரை எதிர்பார்த்திருப்பவர் மனம் குளிரவும் வேண்டுவோமாக.